எஞ்சின் ஒயில் பரிசோதனை: எதற்கு எந்த அளவுத் துகள் தெரியும், எதற்குக் காசு கட்டலாம்?

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒயில் சாம்பிள் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பலாமா என்று கேட்கிறவர்கள் முதலில் விலையைத்தான் விசாரிக்கிறார்கள். விலை முக்கியம்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தச் சோதனைக்கு எவ்வளவு பெரிய துகள் வரை தெரியும்? இதைக் கேட்காமல் காசு கட்டினால், எல்லாம் நோர்மல் என்று அறிக்கை வந்த அதே மாதத்தில் பெயரிங் போய் எஞ்சின் நிற்கலாம். அறிக்கையில் பொய் எதுவும் இருக்காது. உடைந்து விழுந்த துண்டுகள் அந்தக் கருவிக்குத் தெரியாத அளவில் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

குருநகரிலோ மயிலிட்டியிலோ உள்ளிணைப்பு எஞ்சின் படகு வைத்திருப்பவர், ஏ9 வீதியில் பஸ்ஸோ லொறியோ ஓட விட்டிருப்பவர், ஐஸ் தொழிற்சாலைக்கோ ஹோட்டலுக்கோ ஜெனரேட்டர் வைத்திருப்பவர், தோட்டத்துக்கு உழவு இயந்திரம் வைத்திருப்பவர் என்று நான்கு பேரை மனதில் வைத்து எழுதுகிறேன். நால்வருக்கும் விடை ஒன்றாக இருக்காது.

முதலில் அளவுகள். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெறும் கண்ணால் தனித் துகளாகப் பார்க்கக்கூடியது ஏறத்தாழ 40 மைக்ரோனில் இருந்துதான். ஓடும் எஞ்சினில் கிராங்க் சாஃப்டுக்கும் பெயரிங்குக்கும் இடையே நிற்கிற ஒயில் படலமோ சில மைக்ரோன் தடிப்புத்தான். அதனால் எஞ்சினைக் கெடுக்கிற துகள்களில் பெரும்பாலானவை நம் கண்ணுக்குத் தெரியாது. ஒயிலை விரலில் தேய்த்துப் பார்த்து ‘சுத்தமாக இருக்கிறது’ என்று சொல்வதில் பயனில்லை. கறுப்பாக இருக்கிறது என்று பயப்படுவதும் அப்படித்தான். டீசல் எஞ்சின் ஒயிலின் கறுப்பு புகைக்கரியால் வருவது. அந்தக் கரித்துகள் ஒரு மைக்ரோனுக்கும் குறைவானது, உலோகத் தேய்மானம் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஸ்பெக்ட்ரோமீட்டர்: நம்பலாம், அதன் எல்லை தெரிந்தால்

ஒயில் பரிசோதனை என்று சொல்லிப் பெரும்பாலான ஆய்வுகூடங்கள் தருவது இதைத்தான். இரும்பு, செம்பு, ஈயம், தகரம், அலுமினியம், குரோமியம், சிலிக்கன், சோடியம் என்று ஒரு பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே பி.பி.எம். கணக்கில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று, ஓர் எண் இருக்கும். 1940களில் அமெரிக்க ரயில் கம்பனிகள் தங்கள் டீசல் எஞ்சின்களைக் கண்காணிக்கத் தொடங்கிய முறையின் தொடர்ச்சி இது. வேலை செய்யும் முறை இன்னும் அதுதான்: ஒயிலைக் கடுமையாகச் சூடாக்கி, அதிலுள்ள உலோக அணுக்கள் வெளியிடும் ஒளியைப் பிரித்து அளப்பது.

இரண்டு வகைக் கருவிகள் புழக்கத்தில் உள்ளன. ஐ.சி.பி. என்ற வகையில் ஒயிலை மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் ஐதாக்கி, மெல்லிய பனிப்புகைபோல விசிறி, ஆயிரக்கணக்கான பாகை வெப்பமுள்ள பிளாஸ்மாவுக்குள் அனுப்புவார்கள். விசிறும் இடத்தில் பெரிய துளிகள் கீழே விழுந்து கழிவுக்குழாய்க்குள் போய்விடும். அந்தத் துளிகளோடு பெரிய துகள்களும் போய்விடும். தப்பி உள்ளே போகிற துகளுக்கும் பிளாஸ்மாவுக்குள் கிடைப்பது மில்லிசெக்கன் கணக்கான நேரம்தான். சின்னத் துகள் முழுவதும் ஆவியாகும். பெரியதன் மேற்பரப்பு மட்டும் ஆவியாகி மற்றது அப்படியே போய்விடும். அதனால் ஏறத்தாழ 5 மைக்ரோனுக்கு மேல் இதன் பார்வை மங்கத் தொடங்கி, 8 அல்லது 10 மைக்ரோனில் அநேகமாக இல்லாமலே போகிறது.

மற்றது சுழலும் கிராபைட் தட்டு வகை. ஒயிலில் பாதி அமிழ்ந்து சுழலும் தட்டு ஒயிலைப் படலமாக எடுத்து வர, மேலே மின்பொறி அதை எரிக்கும். இதற்கு ஒயிலை ஐதாக்கத் தேவையில்லை, முடிவும் அரை நிமிடத்தில் கிடைக்கும். ஐ.சி.பி.யைவிடச் சற்றுப் பெரிய துகளையும் இது பிடிக்கும். ஆனாலும் 10 மைக்ரோன் அளவில் இதுவும் கைவிட்டுவிடுகிறது. ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம், உலோகத்துக்கு உலோகம் இந்த எல்லை கொஞ்சம் மாறும். 5 முதல் 10 என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

மா அரிக்கும்போது அரிதட்டுக்குக் கீழே விழுந்த மாவை மட்டும் நிறுத்து, மேலே தங்கிய கப்பியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் எப்படியோ, அப்படித்தான் இந்த எண்கள்.

அது எவ்வளவு பெரிய விடுபடல் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். சம்பில் (எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டியில்) 10 லீற்றர் ஒயில், அறிக்கையில் இரும்பு 30 பி.பி.எம். என்று வைப்போம். பத்து லீற்றர் ஒயிலின் எடை ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, ஒயிலில் இருக்கிற நுண்ணிய இரும்பு மொத்தம் கால் கிராம். சுமார் மூன்று மில்லிமீட்டர் பக்கமுள்ள ஓர் இரும்புத் துண்டின் எடை அது. இப்போது எஞ்சினின் எங்கோ ஒரு பல்லுச் சில்லில் இருந்து அதே கால் கிராம் இரும்பு 50 மைக்ரோன் துணுக்குகளாக உதிர்ந்தால், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட துணுக்குகள் ஒயிலுக்குள் சுற்றும். ஒயிலில் இரும்பு இரண்டு மடங்காகிவிட்டது. அறிக்கையில் மட்டும் அதே 30. கன அளவில் பார்த்தால் 50 மைக்ரோன் துகள் ஒன்று 5 மைக்ரோன் துகள்கள் ஆயிரத்துக்குச் சமம். அந்த ஆயிரம் தெரிகிறது, இந்த ஒன்று தெரியவில்லை.

இதில் பலர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. ஆய்வுகூடம் தன் கருவியின் கண்டறியும் எல்லை ஒரு பி.பி.எம். என்றோ அதற்கும் குறைவு என்றோ சொல்லும். அது செறிவின் எல்லை: எவ்வளவு குறைந்த உலோகத்தையும் கண்டுபிடிப்போம் என்ற உறுதி. துகளின் பருமன் எல்லை வேறு விஷயம். முதலாவது எவ்வளவு நன்றாக இருந்தாலும் இரண்டாவதை அது திருத்தாது. அறிக்கைத் தாளில் முதலாவதுதான் அச்சாகி வரும், இரண்டாவதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எஞ்சினில் நடக்கிற சாதாரணத் தேய்மானம் பெரும்பாலும் நுண்துகளாகத்தான் வரும். பிஸ்டன் ரிங்கும் லைனரும் மெல்ல மெல்ல உராய்வது, பழைய ஒயிலின் அமிலம் பெயரிங்கின் ஈயத்தை அரிப்பது, கூலன்ட் கசிவது, எயார் கிளீனர் வழியாகப் புழுதி போவது ஆகிய எல்லாவற்றையும் இது வேறு எந்தச் சோதனையையும்விட முன்கூட்டிச் சொல்லும். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து ஏறினால் கூலன்ட் மேல் சந்தேகம். கடலில் ஓடும் எஞ்சினில் சோடியம் தனியாக ஏறினால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாக உப்புத்தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இடங்களில் துகள் பருமன் பற்றிய கவலை அநேகமாக இல்லை.

புழுதி விஷயத்தில் மட்டும் எங்கள் ஊருக்கென்று ஒரு கவனம் தேவை. புழுதியைக் காட்டிக்கொடுப்பது சிலிக்கன். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்பாட்டு மண் ஒயிலுக்குள் போனால் சிலிக்கனும் அலுமினியமும் சேர்ந்து ஏறும். அந்தப் புழுதியிலும் பெரிய மணிகள் இருக்குமாகையால் உண்மையில் போனதைவிடக் குறைவான எண்தான் தாளில் வரும். கொஞ்சம் ஏறியிருந்தாலே எயார் கிளீனரைக் கழற்றிப் பார்ப்பது புத்தி. சுண்ணாம்புக்கல் புழுதி இன்னும் மோசம். அது கல்சியமாகத்தான் தெரியும். டீசல் ஒயிலில் கழுவு மருந்தாகவே ஆயிரக்கணக்கான பி.பி.எம். கல்சியம் கலந்திருப்பதால், கல் உடைக்கிற இடத்தில் ஓடும் லொறிக்குள் எவ்வளவு சுண்ணாம்புத் தூள் போனாலும் அந்த எண்ணில் அது மறைந்துவிடும்.

பி.கியூ. எண்: சின்னக் காசில் பெரிய துகள்

பெரிய இரும்புத் துகளைத் தவறவிடுவதை ஈடுகட்ட மிக எளிமையான வழி காந்தம். சாம்பிளை ஒரு காந்தச் சுருளின் மேல் வைத்தால், உள்ளே இருக்கும் இரும்பு அந்தக் காந்தப்புலத்தைக் குழப்பும். எவ்வளவு குழப்புகிறது என்பதை ஓர் எண்ணாகத் தருவார்கள். அதற்கு அலகு கிடையாது. பி.கியூ. இன்டெக்ஸ் என்று தாளில் இருக்கும். சில ஆய்வுகூடங்கள் இரும்புச் செறிவு என்று வேறு பெயரில், வேறு கருவியில் தருவார்கள். எதையும் ஆவியாக்கத் தேவையில்லை என்பதால் துகள் 5 மைக்ரோனோ 500 மைக்ரோனோ, இதற்குப் பிரச்சினை இல்லை.

இந்த எண்ணைத் தனியாகப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. ஸ்பெக்ட்ரோமீட்டரின் இரும்பு எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அது பேசத் தொடங்குகிறது. இரும்பு பி.பி.எம். போன முறைபோலவே இருக்க, பி.கியூ. மட்டும் குதித்திருந்தால் எங்கோ பெரிய துண்டுகள் உதிர்கின்றன. எஞ்சினை நிறுத்தி ஆராய வேண்டிய நிலை அது. இரண்டும் சேர்ந்து ஏறினால் பொதுவான தேய்மானம் கூடியிருக்கிறது. பி.பி.எம். ஏறி பி.கியூ. பேசாமல் கிடந்தால் நுண்தேய்மானம், அல்லது துரு. துருவில் பெரும்பகுதி காந்தத்துக்கு அவ்வளவாகப் பிடிபடாது. மாதக்கணக்கில் கரையில் கட்டிக் கிடந்த படகின் எஞ்சினில் இப்படி ஒரு முடிவு வந்தால் பதறத் தேவையில்லை.

இதற்கும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. காந்தம் இரும்பை மட்டும்தான் பார்க்கும். எஞ்சினின் மெயின் பெயரிங், பிக் எண்ட் பெயரிங் எல்லாம் ஈயம், தகரம், செம்பு, அலுமினியம் கலந்தவை. பிஸ்டன் அலுமினியம். இவை பெரிய துண்டுகளாக உதிர்ந்தால் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கும் தெரியாது, பி.கியூ.வுக்கும் தெரியாது. கியர்பொக்ஸிலும் டிஃபரன்ஷலிலும் பல்லுச் சில்லும் பெயரிங்கும் பெரும்பாலும் உருக்கு என்பதால் அங்கே பி.கியூ. மிகத் திறமாக வேலை செய்யும். எஞ்சினில் அது பாதி வேலைதான் செய்யும்.

மற்றப் பாதியை எங்கே தேடுவது?

ஃபில்டரை வெட்டிப் பாருங்கள்

எந்த ஆய்வுகூடத்துக்கும் போகாத சாம்பிள் ஒன்று எங்களிடம் எப்போதும் இருக்கிறது. ஒயில் மாற்றும்போது கழற்றி எறிகிற ஃபில்டர். எஞ்சின் ஓடும்போது ஒயில் திரும்பத் திரும்ப அதற்குள்ளால் போய் வருகிறது. பொதுவாக 20, 30 மைக்ரோனுக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பகுதியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அதாவது, மிக ஆபத்தான துண்டுகள் சாம்பிள் போத்தலுக்குள் வந்து சேர்வதே இல்லை. எவ்வளவு விலையான கருவியாக இருந்தாலும் போத்தலில் இல்லாததைக் காட்ட முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, எஞ்சினைப் பொறுத்தவரை ஃபில்டர் வெட்டுவதை மற்றச் சோதனைகளுக்குச் சமமாக, சில இடங்களில் அவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். செம்பு, அலுமினியம், பெயரிங் உலோகம் எல்லாம் நிறத்தோடு கண்முன்னே கிடக்கும்.

வெட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. இரும்பு வாளால் அறுத்தால் அறுவைத் தூள் உள்ளே விழுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். டின் திறக்கிற மாதிரி சுற்றி வெட்டுகிற ஃபில்டர் கட்டர் வேண்டும். ஒரு கராஜுக்கு ஒன்று இருந்தால் போதும். உள்ளே இருக்கிற மடிப்புக் கடதாசியைப் பிளேட்டால் மேலும் கீழும் வெட்டி எடுத்து, இரண்டு தகட்டுக்கு இடையே வைத்து வைஸில் இறுக்கி ஒயிலைப் பிழிந்துவிட வேண்டும். பிறகு மடிப்பை விரித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். உலோகம் இருந்தால் மினுங்கும். அடியில் காந்தத்தை வைத்து நகர்த்தினால் கூடவே நகர்வது இரும்பு. நகராமல் செம்மஞ்சளாக மினுங்குவது செம்பு, பெயரிங்கின் மேல் படலம் முடிந்து அடிப் படை வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளை மினுக்கமாக, காந்தத்துக்கு வராமல், நகத்தால் நசுக்கக்கூடியதாக இருந்தால் பெயரிங்கின் மேல் உலோகம். அதே வெள்ளையில் சற்று உரமாக இருந்தால் அலுமினியமாக இருக்கலாம். இன்னும் கவனமாகப் பார்க்க விரும்பினால் கடதாசித் துண்டை மண்ணெண்ணெயில் அலசி, அதை வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள்.

புது எஞ்சினிலும், ஓவர்ஹோல் செய்து முதல் ஒயில் மாற்றும்போதும் கொஞ்சம் மினுக்கம் இருப்பது வழமை. அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது ஃபில்டரை அதோடு ஒப்பிடுங்கள். வெட்டிய கடதாசியைத் திகதியும் மணித்தியாலமும் எழுதிப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தால், அடுத்த முறை ஒப்பிடக் கையில் ஏதாவது இருக்கும். கைபேசியில் படம் எடுத்து வைப்பதும் நல்லதுதான், ஆனால் மினுக்கம் படத்தில் சரியாக விழாது.

இதன் குறை என்ன? கண்ணுக்குத் தெரிய 40 மைக்ரோன் வேண்டும். அப்படிப் பார்த்தால் ஸ்பெக்ட்ரோமீட்டர் விடுகிற 10 மைக்ரோனில் இருந்து கண் பிடிக்கிற 40 வரை ஓர் இடைவெளி இருக்கிறது. இரும்பாக இருந்தால் அந்த இடைவெளியைப் பி.கியூ. நிரப்பும். மற்ற உலோகங்களுக்கு, துகள்களை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் ஃபெரோகிராபி வரை போக வேண்டும். இன்னொன்று, கடதாசியில் தெரிகிற அளவுக்குத் துண்டு வந்துவிட்டது என்றால் பழுது தொடங்கியாயிற்று. ஸ்பெக்ட்ரோமீட்டர் தரக்கூடிய முன்னறிவிப்பு இதில் கிடைக்காது. ஆனாலும் கிராங்க் சாஃப்டைக் காப்பாற்ற அந்த நேரம் போதும். பெயரிங்கை மாற்றுவதற்கும் கிராங்கை அரைத்து எடுப்பதற்கும் செலவில் உள்ள வித்தியாசம் எஞ்சின் இறக்கிப் பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

துகள் எண்ணிக்கை: எஞ்சின் ஒயிலுக்கு வேண்டாம்

ஆய்வுகூடத்துப் பட்டியலில் இது கவர்ச்சியாக இருக்கும். ஐ.எஸ்.ஓ. 4406 என்ற தரப்படி 18/16/13 என்பதுபோல மூன்று எண்கள் வரும். ஒரு மில்லிலீற்றரில் 4 மைக்ரோனுக்கு மேல் எத்தனை, 6க்கு மேல் எத்தனை, 14க்கு மேல் எத்தனை என்று அவை சொல்கின்றன. எண் ஒன்று கூடினால் துகள்கள் இரட்டிப்பாகிவிட்டன என்று அர்த்தம். 13 என்றால் 40க்கும் 80க்கும் இடையே, 18 என்றால் 1,300க்கும் 2,500க்கும் இடையே. ஸ்பெக்ட்ரோமீட்டர் மங்குகிற இடத்தில் இது தொடங்குவதால், இதுதான் நாம் தேடியது என்று தோன்றும்.

சிக்கல் என்னவென்றால், பெரும்பாலான எண்ணும் கருவிகள் லேசர் ஒளியை ஒயிலுக்குள் விட்டு, துகள் மறைக்கிற நிழலை எண்ணுகின்றன. டீசல் எஞ்சின் ஒயிலில் புகைக்கரியால் ஒளியே உள்ளே போகாது. தண்ணீர்த் துளியும் காற்றுக் குமிழியும் துகளாகவே எண்ணப்படும். நுண்வலை அடைபடும் வேகத்தை வைத்துக் கணிக்கிற வேறு முறை ஒன்று உண்டு. அதற்குக் கறுப்பு ஒரு தடையில்லை. ஆனாலும் எண்ணிய துகள் உருக்கா, மணலா, கரிக்கட்டியா என்று அதுவும் சொல்லாது. ஜே.சி.பி. போன்ற இயந்திரங்களின் ஹைட்ரோலிக் ஒயிலுக்கு இது அருமையான சோதனை, அதற்குக் கட்டாயம் கேளுங்கள். எஞ்சினுக்கு இதற்குக் கொடுக்கிற காசைப் பி.கியூ.வுக்குக் கொடுக்கலாம்.

ஃபெரோகிராபி: சந்தேகம் வந்த பிறகு

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவான முறை. ஐதாக்கிய ஒயிலைச் சரிவான கண்ணாடித் தட்டின் மேல் மெல்ல ஓட விடுவார்கள். கீழே பலமான காந்தம் இருக்கும். இரும்புத் துகள்கள் பெரியது முதலில், சின்னது பிறகு என்று வரிசை கட்டிப் படியும். மற்ற உலோகங்களும் மணலும் அங்கங்கே ஒட்டிக்கொள்ளும். அதை நுணுக்குக்காட்டியில் ஒருவர் உட்கார்ந்து பார்ப்பார். ஒரு மைக்ரோனில் இருந்து நூற்றுக்கு மேல் வரை எல்லாம் தெரியும். பருமனோடு உருவமும் தெரிவதுதான் இதன் பலம். சுருள் சுருளாக இருந்தால் மணல் போன்ற ஏதோ அறுத்திருக்கிறது. தட்டையான செதிலாக இருந்தால் களைத்துப்போன உலோகம் பொருக்குப் பொருக்காக உரிகிறது. கீறல் கோடுகளோடு இருந்தால் ஒயில் போதாமல் உரசியிருக்கிறது. தட்டை 330 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கினால் சாதாரண உருக்கு நீலமாகும், வார்ப்பிரும்பு வைக்கோல் மஞ்சளாகும். லைனர் போகிறதா கிராங்க் போகிறதா என்று அதைக்கொண்டு பிரிக்கலாம்.

மனிதக் கண்ணும் அனுபவமும் நேரமும் வேண்டிய சோதனை என்பதால் இது எப்போதும் மற்றவற்றைவிட விலை கூடியது. ஒவ்வொரு ஒயில் மாற்றத்துக்கும் இதைச் செய்யச் சொல்கிறவர் உங்கள் காசைப் பற்றி யோசிக்கவில்லை. பி.கியூ. குதித்தாலோ, ஃபில்டரில் மினுக்கம் கண்டாலோ, பெரிய எஞ்சினை இறக்குவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தாலோ அப்போது கேளுங்கள். ஃபில்டர் கடதாசியில் அலசி எடுத்த துகள்களையே பார்த்துத் தரும் ஆய்வுகூடம் கிடைத்தால் அதையே அனுப்புவது மேல்.

அமிலத்தில் கரைத்து அளப்பது, வடிதட்டில் பிடித்து எரிப்பது, எக்ஸ்-ரே கதிர் அடித்துப் பார்ப்பது என்று பருமன் எல்லையைத் தாண்டும் வேறு முறைகளும் உள்ளன. ஒரு படகுக்கோ லொறிக்கோ அவற்றைத் தேடிப் போகத் தேவையில்லை.

சரி, யாருக்கு எது?

ஜெனரேட்டர் வைத்திருப்பவருக்கு முடிவு சுலபம். மணித்தியாலக் கணக்கு மீற்றரில் இருக்கிறது, சுமையும் அதிகம் மாறாது, ஒயில் மாற்றமும் ஒழுங்காக நடக்கும். இப்படிப்பட்ட எஞ்சினில்தான் ஸ்பெக்ட்ரோமீட்டர் எண்களை வரிசையாக வைத்துப் பார்ப்பதன் முழுப் பயனும் கிடைக்கும். அதோடு பி.கியூ.வும் சேர்த்து ஒவ்வொரு ஒயில் மாற்றத்துக்கும் அனுப்பலாம். ஃபில்டர் வெட்டுவது அதோடு சேர்ந்து வரட்டும்.

ஏ9 பஸ்ஸும் லொறியும் ஏறத்தாழ அதே. ஒரே வகை எஞ்சின் மூன்று நான்கு வைத்திருப்பவருக்கு இன்னொரு வசதி, ஒன்றை ஒன்றோடு ஒப்பிடலாம். ஒன்றில் மட்டும் சிலிக்கன் கூடியிருந்தால் அந்த வண்டியின் எயார் குழாயில் எங்கோ கிழிசல். கியர்பொக்ஸ், டிஃபரன்ஷல் ஒயிலை வருடத்துக்கு ஒரு முறை பி.கியூ.வுக்கு மட்டும் அனுப்பினால் போதும்.

படகுக்காரருக்குத்தான் நான் அதிகம் யோசித்தேன். லொறி வழியில் நின்றால் இன்னொரு லொறி வரும். கடலில் எஞ்சின் நின்றால் காற்றும் நீரோட்டமும் கொண்டுபோகிற பக்கம் போக வேண்டியதுதான், எங்கள் பக்கத்துக் கடலில் எல்லைக்கோடும் தூரத்தில் இல்லை. அதனால் முன்னறிவிப்பும் வேண்டும், பெரிய துண்டையும் தவறவிடக் கூடாது. எஞ்சினுக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர், சோடியம் எண்ணில் தனிக் கவனம், பி.கியூ., ஒவ்வொரு முறையும் ஃபில்டர் வெட்டல். மரைன் கியர்பொக்ஸுக்கு வேண்டியது பி.கியூ. சோதனை. எல்லாவற்றுக்கும் காசு இல்லை என்றால் ஃபில்டர் வெட்டலையும் பி.கியூ.வையும் வைத்துக்கொண்டு, ஸ்பெக்ட்ரோமீட்டரை ஒன்றுவிட்ட ஒயில் மாற்றத்துக்கு அனுப்பலாம். இரண்டு ஸ்ட்ரோக் வெளியிணைப்பு மோட்டார் வைத்திருப்பவருக்கு இந்தக் கதையே பொருந்தாது. அதில் ஒயில் எரிபொருளோடு எரிந்துவிடுகிறது. கீழ்க் கியர்ப் பெட்டியின் ஒயில் பால்போல வெளுத்திருக்கிறதா, வடிக்கும் ஆணியில் இரும்புத்தூள் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே அங்கு வேலை.

உழவு இயந்திரத்துக்கு, அதுவும் ஒன்றே ஒன்றென்றால், ஃபில்டரை வெட்டுங்கள். வடிக்கும் ஆணியில் காந்தம் இல்லாவிட்டால் காந்த ஆணி ஒன்று போடுங்கள். பழைய இயந்திரம் வாங்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் வாங்குமுன் ஒரு தடவை முழுச் சோதனைக்கு அனுப்புவது பெறுமதியானது. லான்ட்மாஸ்டர் போன்ற இரண்டு சில்லு உழவு இயந்திரங்களின் சில ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்களில் கடதாசி ஃபில்டரே இல்லை, கம்பி வலை மட்டும்தான். பெரிய துண்டுகள் சம்பின் அடியில் தங்கும். ஒயிலை வெள்ளைப் பாத்திரத்தில் வடித்து, அடியில் தங்கியதைக் காந்தத்தால் தடவிப் பார்க்க வேண்டும்.

சாம்பிள் போகிற வழி

யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அந்தத் தூரம் சோதனை முடிவையும் பாதிக்கும். சாதாரண டீசல் ஒயிலில், எங்களூர் வெக்கையில், 10 மைக்ரோன் இரும்புத் துகள் ஆடாமல் வைத்த போத்தலில் 10 சென்ரிமீற்றர் கீழே இறங்க அரை நாள் போதும் என்று கணக்கு வருகிறது. 20 மைக்ரோன் என்றால் சுமார் மூன்று மணித்தியாலம். 5 மைக்ரோனுக்கு இரண்டு நாள். ஒரு மைக்ரோன் துகளோ வாரக்கணக்கில் மிதக்கும். மேசையில் இரண்டு நாள் கிடந்த போத்தலின் மேற்பகுதியில் இருந்து எடுத்து ஊற்றினால், 10 மைக்ரோன் வரை பார்க்கக்கூடிய கருவிக்கும் நீங்கள் 5 மைக்ரோனுக்குக் குறைந்ததை மட்டுமே காட்டுகிறீர்கள். போத்தலை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். குலுக்க இடம் வேண்டும். சோதனைக்கு முன் நன்றாகக் குலுக்குவார்களா என்று ஆய்வுகூடத்திடம் கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எடுக்கும்போது எஞ்சின் ஓடி, ஒயில் சூடாக இருக்க வேண்டும். வடிக்கும் ஆணியைத் திறந்து எடுப்பதானால் முதலில் வருவதை விட்டு, பாதி வடிந்தபோது பிடியுங்கள். அடி மண்டி வேண்டாம். டிப்ஸ்டிக் குழாய் வழியாகக் கைப்பம்பால் உறிஞ்சி எடுப்பது இன்னும் நல்லது, ஒவ்வொரு முறையும் அதே ஆழத்தில். சோடாப் போத்தலும் மருந்துப் போத்தலும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள தூசியும் உப்பும் சிலிக்கனாகவும் சோடியமாகவும் அறிக்கையில் வந்து நிற்கும். வடித்த பழைய ஒயிலை நிலத்தில் ஊற்றாமல் பீப்பாயில் சேர்த்து வையுங்கள். எங்கள் நிலத்தின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், அதன் வெடிப்பு வழியாகக் கிணற்றுக்குப் போகத் தடை எதுவும் இல்லை.

போத்தலில் ஒட்டும் துண்டில் எஞ்சினின் பெயரும் மொத்த மணித்தியாலமும் மட்டும் எழுதினால் போதாது. இந்த ஒயில் ஊற்றி எத்தனை மணித்தியாலம், இடையில் எத்தனை லீற்றர் புது ஒயில் விட்டுச் சேர்த்தீர்கள், ஃபில்டர் எப்போது மாறியது, ஒயிலின் வகை என்ன என்பதும் வேண்டும். அப்புறம், போத்தலைக் கட்டி அனுப்புமுன் தொலைபேசியில் மூன்றைக் கேளுங்கள்: ஐ.சி.பி.யா கிராபைட் தட்டா, பி.கியூ. சேர்த்துத் தருவார்களா, எண் மோசமாக வந்தால் மிச்ச ஒயிலை வைத்து ஃபெரோகிராபி செய்ய முடியுமா. மூன்றாவதற்கு ஆம் என்றால் போத்தலில் 100 மில்லிலீற்றருக்குக் குறையாமல் ஒயில் இருக்கட்டும்.